பாலில்லாத் தயிரும் பந்தியில் ஓர் இடமும்



தமிழர் வீட்டு உண்டி தயிரில்தான் நிறைவெய்தும். குழம்பு எத்துணைச் சுவையாயிருப்பினும், பாயசம் எத்துணை இனிப்பினும், கடைசியில் ஒரு கவளம் தயிர்ச்சோறு உள்ளே சென்றாலன்றி 'உண்டோம்' என்னும் எண்ணம் நமக்கு உண்டாவதில்லை. பிழைப்பை நாடிப் பெங்களூர் வந்து இரண்டு மூன்று தலைமுறைகளாக இந்நகரின் நீரைப் பருகி வாழும் குடும்பங்களிலும் இவ்வழக்கம் மாறவில்லை. மாறவேண்டிய தேவையும் எழவில்லை. ஏனெனில் அண்டை வீட்டுக் கன்னட அன்பரும் மொசரன்னத்தோடுதான் இலையை மடிக்கிறார்.

அத்தகைய தயிரை உண்ண இயலாத ஒருவர் வீட்டில் இருப்பாராயின் என் செய்வது? சங்கத்திற்கு வரும் தாய்மார்கள் சிலர் அண்மையில் இவ்வினாவை நம்மிடம் எழுப்பினர். ஆகவே இம்மாதம் தேங்காய்ப்பாலில் தயிர் தோய்க்கும் முறையைப் பற்றி எழுத முற்படுகிறோம். மெட்ரிக் வகுப்போடு படிப்பை முடித்து, இரயில்வே எழுத்தராய்க் காலந் தள்ளும் நமக்கு மருத்துவம் தெரியாது. மருத்துவர் கூறியனவும் நூல்களில் கற்றனவும் நம் வீட்டு அடுக்களையில் கண்டனவுமே இங்குக் கூறப்படும்.

முதலில், இது யாருக்குத் தேவை என்பதைத் தெளிந்துகொள்வோம். பால் ஒத்துக்கொள்ளாமை இரு வகைப்படும். ஒன்று, பாலிலுள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரை செரியாமை. குழந்தைப் பருவத்தில் அதனைச் செரிக்கச் செய்யும் நொதி, வயது ஏற ஏறப் பலருக்குக் குறைந்துவிடுகிறது. 1981ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், தெற்கே திருவனந்தபுரத்திலும் புதுச்சேரியிலும் சோதிக்கப்பட்டோரில் மூவருக்கு இருவர் இக்குறை உடையோராயிருந்தனர். தில்லியில் அவ்விகிதம் நால்வருக்கு ஒருவர் என்ற அளவைச் சற்றே கடந்திருந்தது. பால் குடித்தால் வயிறு உப்பும், இரையும், சிலருக்குப் பேதியாகும். ஆயினும் இவர்களிற் பலர் தயிரையும் மோரையும் தொல்லையின்றி உண்பர். தோயும்போதே அச்சர்க்கரையின் ஒரு பகுதியை நுண்ணுயிர்கள் புளிப்பாக மாற்றிவிடுகின்றன. நம் முன்னோர் பாலைக் காட்டிலும் மோரையே மிகுதியாகப் பருகியதன் பயன் இதனால் விளங்கும். அத்தகையோர் பிறர் சொற்கேட்டுத் தயிரைத் துறக்க வேண்டுவதில்லை.

மற்றொன்று, பாலின் புரதமே உடலுக்கு ஆகாத ஒவ்வாமை. இது வேறு, இது கடுமையானது. தோலில் தடிப்பு, உதட்டில் வீக்கம், வாந்தி, சிலவேளை மூச்சுத் திணறல் வரை கொண்டுபோய்விடும். இவர்களுக்குத் தயிர், மோர், வெண்ணெய் எதுவும் ஆகாது. பசுவின் பாலுக்குப் பதிலாக ஆட்டுப்பாலோ எருமைப்பாலோ தரலாம் என்று கருதுவதும் பிழை. அவற்றிலுள்ள புரதங்களும் ஏறத்தாழ அத்தன்மையனவே. குழந்தைகளிற் பெரும்பாலோர்க்கு வளர வளர இது நீங்கிவிடுவதுண்டு; ஆனால் எப்போது நீங்கிற்று என்று சொல்ல வேண்டியவர் மருத்துவரே.

இவ்விரு வகையினரேயன்றி, உயிர்களுக்கு ஊறு செய்யலாகாது என்ற கொள்கையால் பாலை விலக்கியவரும் இன்று நம்மிடையே உளர். அவரவர் கொள்கை அவரவர்க்கு.

நமக்கு அறிமுகமான ஓர் அன்பரின் இல்லத்தில் ஆறு வயதுப் பெண் குழந்தைக்கு இந்தப் புரத ஒவ்வாமை உண்டு. இரசம் சோறு முடிந்து தயிர்ப் பாத்திரம் வரும்போதெல்லாம், "பாட்டி, நான் எழுந்திருக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டு அக்குழந்தை தன் தட்டை எடுத்துக்கொண்டு போய்விடும். எவரும் அதனைத் துரத்தவில்லை, அதுவும் அழவில்லை. எல்லோரும் நிறைவாக உண்ணும் வேளையில் தனக்கு அங்கு வேலையில்லை என்று அது தானாகவே கற்றுக்கொண்டது. அந்தப் பாட்டிதான் இரண்டு தேங்காயைத் துருவி, பாலெடுத்து, பலநாள் முயன்று இந்தத் தயிரைக் கைவரப் பெற்றார். இது நாவிற்குப் புதுமை தேடும் பண்டமன்று. ஒருவரைப் பந்தியில் இறுதிவரை அமர்த்தி வைக்கும் பண்டம் என்பதை நாம் அங்கே கண்டோம்.

பெயரைப் பற்றியும் ஒரு சொல். பாலின்றிச் செய்ததைத் தயிர் எனலாமா என்று கேட்போர் உண்டு. நம் மொழி நெடுங்காலமாகவே தேங்காய்ப்பால் என்றுதான் வழங்கி வருகிறது. முதற்பால், இரண்டாம்பால் என்று எண்ணிட்டும் அழைக்கிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், தாவரங்களிலிருந்து செய்யப்படும் பண்டங்களுக்குப் பால் முதலிய பெயர்களைச் சூட்டி விற்றலாகாது என்று 2021ஆம் ஆண்டில் வற்புறுத்தியபோதும், தேங்காய்ப்பால் என்ற வழக்குப் பெயருக்கு விலக்களித்தது. ஐரோப்பிய நீதிமன்றமும் 2017ஆம் ஆண்டில் இத்தகைய தீர்ப்பொன்றை வழங்கிற்று. அங்கும் தேங்காய்ப்பாலுக்கு விலக்கு உண்டு. ஆயினும் கடையில் விற்கும் தேங்காய்த் தயிருக்குத் தயிர் என்ற பெயர் கிட்டுவது எளிதன்று.

தயிரின் பெயரால் 2023ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் எழுந்த ஆரவாரம் நேயர்களுக்கு நினைவிருக்கும். தயிர்ப் பொதிகளில் 'தஹி' என்ற பெயரை முதன்மையாகப் பொறிக்கவேண்டும் என்று மேற்படி ஆணையம் பணித்தது. கர்நாடகத்தின் நந்தினிக்கும் தமிழகத்தின் ஆவினுக்கும் அது பொருந்துவதாயிருந்தது. இரு மாநிலங்களிலும் எதிர்ப்பு எழவே, அம்மாதம் 30ஆம் நாள் ஆணை திருத்தப்பட்டு, தயிர், மொசரு, பெருகு என அவ்வந்நாட்டுப் பெயர்களையும் பொறிக்கலாம் என்றாயிற்று. ஆற்று நீருக்கு வழக்காடிய இரு மாநிலத்தாரும் தயிருக்காக ஒரே பக்கம் நின்றது மகிழ்தற்குரியது. நிற்க. சட்டம் கடைப் பொதிக்குத்தான். நம் வீட்டுக் கிண்ணத்திற்கு நாமே பெயரிடலாம். ஆயினும் விருந்தினர்க்குப் படைக்கும்போது 'தேங்காய்த் தயிர்' என்று முழுப்பெயரும் சொல்லிப் படைத்தலே நேர்மை.

இனி, செய்முறைக்கு வருவோம்.

தேங்காய்க்கு இங்குப் பஞ்சமில்லை. பெங்களூரிலிருந்து அரசிக்கெரே செல்லும் இருப்புப்பாதையில் துமகூருவைக் கடந்தால் தென்னந்தோப்புகள் தொடர்ந்து வரும். அவ்வழியிலுள்ள திப்டூர் கொப்பரைச் சந்தையால் பெயர் பெற்ற ஊர். நமக்கு வேண்டுவது கொப்பரையன்று. நன்கு முற்றி, குலுக்கினால் நீர் ஆடும் புதுத் தேங்காய். நடுத்தர அளவில் இரண்டு காய் போதும். துருவும் வேலையை வீட்டு ஆடவர் ஏற்றுக்கொள்வது நன்று. செய்தித்தாளைப் படித்துக்கொண்டே 'தயிர் தோய்ந்ததா?' என்று கேட்பது முறையன்று.

துருவலை இரண்டு குவளை வெந்நீர் விட்டு அரைத்து, தூய மெல்லிய துணியில் வடித்துப் பிழிந்தால் கெட்டிப்பால் கிட்டும். இரண்டாம்பாலைக் குழம்பிற்கு வைத்துக்கொள்ளலாம். தயிருக்கு முதற்பாலே ஏற்றது. கடையில் விற்கும் தேங்காய்ப்பாலையோ பொடியையோ வாங்குவோர், பொதியின் மேல் அச்சிட்டிருப்பதைக் கூர்ந்து படிக்கவேண்டும். தேங்காய்ப்பால் பொடிகள் சிலவற்றில் கேசினேட் என்னும் பாற்புரதம் சேர்க்கப்படுகிறது. புரத ஒவ்வாமை உள்ளவர்க்கு அதுவே தீங்காய் முடியும்.

மாட்டுப்பால் தோய்வது போலத் தேங்காய்ப்பால் தானாகக் கட்டியாகாது. இதன் காரணத்தை அறிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தாற்போல. மாட்டுப்பாலில் கேசின் என்னும் புரதம் உண்டு. புளிப்பு ஏறியதும் அஃது ஒன்றோடொன்று பிணைந்து வலைபோலாகி, நீரையும் கொழுப்பையும் பிடித்து நிறுத்துகிறது. அதுவே கட்டித்தயிர். தேங்காய்ப்பாலில் கொழுப்பு மிகுதி, புரதம் சொற்பம், கேசின் அறவே இல்லை. ஆகவே புளிக்கும், கட்டியாகாது. மேலே ஆடைபோல் கொழுப்பும் கீழே நீரும் பிரிந்து நிற்கும். 'உறை சரியில்லை' என்று பலர் மனமுடைவது இங்கேதான். வெண்ணெய் திரளும் வேளையில் தாழி உடைந்த கதையன்று இது. தாழியில் திரளுதற்குரிய பொருளே இல்லை. எனவே அதனைப் பிணைத்து நிறுத்த வேறொன்று வேண்டும்.

அரை லிட்டர் கெட்டிப்பாலுக்கு ஒன்றரை மேசைக்கரண்டி மரவள்ளிக் கிழங்கு மாவு போதுமானது. சோள மாவும் ஆகும். மாவைச் சிறிது ஆறிய தேங்காய்ப்பாலில் கட்டியின்றிக் கரைத்து, எஞ்சிய பாலோடு சேர்த்து, ஒரு தேக்கரண்டி சர்க்கரையும் இட்டு, இளந்தீயில் இடைவிடாது கிளறவேண்டும். சர்க்கரை இனிப்பிற்காக அன்று. லாக்டோஸ் இல்லாத இப்பாலில் நுண்ணுயிர்க்கு இரை வேண்டுமன்றோ! அது தோயும்போதே பெரும்பாலும் கரைந்துபோகும். கொதிக்க விடலாகாது, கொதித்தால் பால் திரிந்துவிடும். கரண்டியின் முதுகில் படிந்து நிற்குமளவு தடித்ததும் இறக்கிவிடுக.

பின்னர் ஆறவிட்டு, உள்ளங்கையில் ஒரு துளி விட்டுப் பார்க்கும்போது இளஞ்சூடாகத் தெரியும் பக்குவத்தில், அதாவது 40 டிகிரி செல்சியஸ் அளவில், உறையைச் சேர்த்துக் கலக்கவேண்டும். சூடு மிகுந்தால் உறையின் உயிர் போய்விடும்.

உறை எது என்பதே அடுத்த வினா. லாக்டோஸ் மட்டும் செரியாதவர், முதன்முறை வீட்டுத் தயிரிலிருந்தே ஒரு கரண்டி பிரை ஊற்றலாம். ஒவ்வாமை உடையவர்க்கும் பாலை முற்றும் விலக்கியவர்க்கும் அஃது ஆகாது. 'முதலில் ஒருமுறை மாட்டுத் தயிர்ப் பிரை, பின்பு அதிலிருந்தே தொடர்ச்சி' என்று எண்ணுவதும் ஒவ்வாமைக்காரர் வீட்டில் கூடாது. அவர்க்கு இரு வழிகள் உள. ஒன்று, பாற்பொருள் கலவாதது என்று அச்சிடப்பட்ட, தயிர் நுண்ணுயிர் அடங்கிய மாத்திரை உறைகள். மருந்துக் கடையில் கிட்டும். ஒன்றிரண்டைப் பிரித்து அத்தூளைக் கலந்தால் போதும். மற்றொன்று, பச்சை மிளகாய்க் காம்பு. அவசரத்திற்கு உறைமோர் இல்லாதபோது மிளகாய்க் காம்பைப் பாலிலிட்டுத் தோய்ப்பது பல வீடுகளிலும் அறிந்த முறை. காம்பில் இயற்கையாகவே தங்கியிருக்கும் நுண்ணுயிர்கள் அவ்வேலையைச் செய்கின்றன. பத்துக் காம்புகளைக் கழுவி, அரைக்குவளை வெதுவெதுப்பான தேங்காய்ப்பாலில் சிட்டிகை சர்க்கரையோடு இட்டு, ஓரிரவு மூடிவைத்து, காலையில் காம்பை நீக்கிவிட்டால் புளித்த நீர்மமொன்று கிடைக்கும். இதனை உண்ணாமல், அடுத்த முறைக்கு உறையாக மட்டும் கொள்க. நோயுற்றோர்க்கும் சிறு குழந்தைகளுக்கும் மாத்திரை உறையே நம்பத்தக்கது.

பெங்களூர்க் குளிர் இதற்கொரு தடை. கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள இந்நகரில் மார்கழி, தை இரவுகளில் எந்தத் தயிரும் எளிதில் தோயாது. வேலூரில் சித்திரை மாதத்தில் ஐந்தாறு மணி நேரத்தில் தோய்வது இங்கே பன்னிரண்டு மணி நேரமானாலும் சோம்பிக் கிடக்கும். சூடு காக்கும் பாத்திரத்தில் வைத்துக் கம்பளியால் சுற்றுவது நன்று. எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் புளிப்பு மணம் எழும். உடனே குளிர்ப்பெட்டியில் ஆறு மணி நேரம் வைக்கவேண்டும். கெட்டியாவது அங்கேதான். டிசம்பர் மாத அதிகாலையில் நம் வீட்டுத் தேங்காயெண்ணெய்ப் புட்டி உறைந்து நிற்பதை எல்லோரும் கண்டிருப்போம். 24 டிகிரி அளவிற்குக் கீழே தேங்காய்க் கொழுப்பு இறுகும். அவ்வியல்பே இங்கும் நமக்குத் துணைசெய்கிறது.

இனி எச்சரிக்கை. இதனை அச்சுறுத்த எழுதவில்லை. அறிந்து செய்ய வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறோம். சாவகத் தீவில் தேங்காய்ப் பிண்ணாக்கைப் புளிக்கவைத்துச் செய்யும் 'தெம்பே போங்கிரெக்' என்ற உணவால் பல்லாண்டுகளாக மக்கள் பலர் மாண்டனர். நல்ல பூசணம் வளர்வதற்குள் ஒரு தீய நுண்ணுயிர் குடியேறி, சமைத்தாலும் அழியாத நஞ்சை விளைவித்ததே காரணம் என்று 1930களில் டச்சு அறிஞர் கண்டனர். இந்தோனேசிய அரசு 1988ஆம் ஆண்டில் அவ்வுணவைத் தடைசெய்தது. இதிலிருந்து நாம் கொள்ளவேண்டிய பாடங்கள் மூன்று. பால் பிழிந்த சக்கையைப் புளிக்கவைக்கும் எண்ணமே வேண்டா; அன்றைக்கே பொரியலிற் சேர்த்துவிடுக. பாத்திரம், கரண்டி, துணி மூன்றையும் வெந்நீரில் கொதிக்கவைத்துப் பயன்படுத்துக, உறையும் வலுவுள்ளதாயிருக்கட்டும். பதினான்கு மணி நேரமாகியும் புளிப்பு ஏறாத தேங்காய்ப்பாலை, 'இன்னும் சற்றுப் பார்ப்போம்' என்று வைத்திராமல் கொட்டிவிடுக. இளஞ்சிவப்பு, மஞ்சள், கருமை என எந்நிறப் புள்ளி தோன்றினும், அழுகல் நாற்றம் வீசினும், மேலே வழித்துவிட்டு உண்ணலாகாது. நன்றாகத் தோய்ந்ததைக் குளிர்ப்பெட்டியில் நான்கு நாள் வரை வைத்துக்கொள்ளலாம்.

உண்ணும் முறையிலும் ஒரு நுட்பம் உண்டு. சுடுசோற்றில் இதனை ஊற்றினால் கொழுப்பு உருகி எண்ணெயாய் மிதக்கும். சோற்றைக் குழைய வடித்து, முற்றும் ஆறவிட்டுப் பிசையவேண்டும். கடுகு, இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம் ஆகியவற்றை எண்ணெயில் தாளித்துக் கொட்டினால் தேங்காயின் இனிப்பு மணம் அடங்கும். புளிப்புப் போதாதெனில் சில துளி எலுமிச்சைச் சாறு விடலாம். மோர்க்குழம்பிற்கு இதனைப் பயன்படுத்துவோர், அடுப்பை அணைத்தபின் கடைசியிற் சேர்க்க வேண்டும். நெய்யை அங்கே மறந்தும் ஊற்றலாகாது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

எல்லாவற்றினும் முதன்மையானது ஒன்று. தேங்காய்த் தயிர் நாவிற்குத் தயிர், உடலுக்குத் தயிராகாது. நூறு கிராம் மாட்டுப்பாலில் ஏறத்தாழ 120 மில்லிகிராம் கால்சியம் உண்டு. தேங்காய்ப்பாலில் 20 மில்லிகிராமும் தேறாது. புரதமும் குறைவு; கொழுப்போ பன்மடங்கு. பி12 என்னும் உயிர்ச்சத்து இதில் இல்லை. மரக்கறி உண்போர்க்குப் பாலும் தயிருமே அதற்குப் பெருந்துணையாதலால், அவற்றை விட்டவர் மருத்துவரைக் கேட்டு மாற்று வழி தேடவேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பாலுக்கு மாற்றாக இதனைத் தருதல் பெருந்தவறு. இரத்தக் கொதிப்பும் இதய நோயும் உள்ள முதியோர் அளவோடு கொள்க. கால்சியத்திற்கு நம் வாயிற்படியிலேயே வழியுண்டு. நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் அடங்கியிருக்கிறது. கன்னட நாட்டார் களி உருண்டையை நாளும் உண்பது வீணன்று. எள்ளும் கீரையும் துணைசெய்யும். புரதத்திற்குப் பருப்பும் பயறும் உள. கார்த்திகைக் கடைசித் திங்களன்று பசவனகுடியில் கூடும் கடலைக்காய்ப் பரிசையில் மலையாய்க் குவியும் நிலக்கடலையை அரைத்துப் பாலெடுத்தும் தயிர் தோய்க்கலாம். அதில் புரதம் மிகுதி. ஆயின் நிலக்கடலை சிலருக்குக் கடும் ஒவ்வாமை தருவது, அறிந்து கைக்கொள்க.

தேங்காய் விலை ஏறும் மாதங்களில் இத்தயிரை நாள்தோறும் எல்லோர்க்கும் தோய்ப்பது இல்லறத்தார்க்கு இயலாது, தேவையும் இல்லை. வேண்டியவர்க்கு ஒரு கிண்ணம் தனியே தோய்த்தால் போதும். அக்கிண்ணத்திற்கென்று ஒரு கரண்டியைத் தனியே ஒதுக்கிவையுங்கள். மாட்டுத் தயிரில் தோய்ந்த கரண்டி அதில் ஒருமுறை பட்டாலும், ஒவ்வாமைக்காரர்க்கு அத்தனை உழைப்பும் பாழ்.

இறுதியாகச் சங்கத்து அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பொங்கல் விழாவிலும் ஆண்டு விழாவிலும் நாம் பந்தி வைக்கிறோம். பரிமாறுவோர், வேண்டாவென்று கைகாட்டும் குழந்தையின் இலையில் 'ஒரு துளிதானே, ஒன்றும் ஆகாது' என்று அன்பால் தயிரை வார்த்துவிடுகின்றனர். அவ்வன்பே ஆபத்தாய் முடியக்கூடும். உண்ணக்கூடாதது எது என்று முதலில் கேளுங்கள்; பின்னர்ப் பரிமாறுங்கள். கடைசிப் பாத்திரம் வரும்போது அவர்கள் உண்ணத்தக்க ஒன்றும் அதனோடு வரட்டும்.